கவுன்சில் பதிவு இருக்கிறதே, செவிலியருக்குச் சங்கம் எதற்கு?

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் ஒருவர் கேட்டிருந்தார்: "பிஎஸ்சி நர்சிங் முடித்து மூன்று வருடம் ஆகிறது. செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்து ஆர்என்ஆர்எம் என்ற பதிவு எண்ணும் வாங்கியாகிவிட்டது. இப்போது சீனியர் ஒருவர் டிஎன்ஏஐ என்ற செவிலியர் சங்கத்தில் சேரச் சொல்கிறார். பணம் கட்டிச் சேர்ந்தால் எனக்கு என்ன கிடைக்கும்? மேனேஜ்மென்ட்டுக்குத் தெரிந்தால் பிரச்சினை வராதா?"

சேருங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் "எனக்கு என்ன கிடைக்கும்" என்று மட்டும் பார்த்துச் சேர்ந்தால் ஒரு வருடத்தில் சலித்துப் போவீர்கள். கையில் கிடைப்பது ஓர் உறுப்பினர் அட்டை, ஒரு பத்திரிகை, அவ்வப்போது ஒரு கருத்தரங்க அழைப்பு, அவ்வளவுதான். எங்கள் காலத்தில் ரயில் கட்டணச் சலுகைக்காகவே சேர்ந்தவர்கள் நிறைய உண்டு. கொரோனாவோடு ரயில்வே பெரும்பாலான சலுகைகளை நிறுத்திவிட்டதால் அந்த ஆசையும் இப்போது இல்லை. சேர வேண்டிய காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கவுன்சில், சங்கம், யூனியன் மூன்றும் ஒன்று என்று நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சில் 1926-ம் வருட மெட்ராஸ் சட்டத்தின் வழி வந்தது. தகுதி உள்ளவர்களை மட்டும் பதிவேட்டில் வைத்திருப்பதும், தப்பு செய்தால் விசாரிப்பதும், தேவைப்பட்டால் பெயரை நீக்குவதும் அதன் வேலை. அது நோயாளியைப் பாதுகாக்க உண்டாக்கப்பட்ட அமைப்பு. நாளைக்கு உங்கள் மேல் ஒரு புகார் போனால் கவுன்சில் உங்கள் பக்கம் உட்காராது, மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரும். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அதன் கடமை அது. உங்கள் சம்பளம், லீவு, நைட் டியூட்டியில் எத்தனை பேஷண்ட் என்பதெல்லாம் அதன் எல்லைக்கு வெளியே.

சங்கம் நாமாக விரும்பிச் சேர்வது. டிஎன்ஏஐ, அதாவது இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம், அந்த வகை. யூனியன் என்பது தொழிற்சங்கமாகச் சட்டப்படி பதிவு செய்துகொண்டு நிர்வாகத்தோடு பேரம் பேசுவது. சங்கம் கல்வியையும் தொழிலின் தரத்தையும் கொள்கையையும் பார்க்கும். யூனியன் கூலியையும் வேலை நிலைமையையும் பார்க்கும். நடைமுறையில் இந்தக் கோடு அவ்வளவு சுத்தமாக இருப்பதில்லை, கீழே சொல்லப் போகும் வழக்கே அதற்குச் சாட்சி.

கவுன்சில் இருக்கும்போது சங்கம் எதற்கு என்று கேட்கிறீர்கள். அப்படி ஒரு கவுன்சில் வேண்டும் என்று விடாமல் கேட்டவர்களே சங்கத்துக்காரர்கள்தான். 1905-ல் லக்னோவில் நர்சிங் சூப்பரின்டெண்ட்கள் கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள். 1908-ல் அது எல்லாப் பயிற்சி பெற்ற செவிலியருக்குமான சங்கமாக விரிந்தது, 1910-ல் தன் பத்திரிகையைத் தொடங்கியது, 1912-ல் சர்வதேச செவிலியர் கவுன்சிலில் இணைந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு மிஷன் ஆஸ்பத்திரியும் தனக்குத் தோன்றிய மாதிரி பயிற்சி கொடுத்து, தனக்குத் தோன்றிய சான்றிதழைக் கொடுத்தது. ஓர் ஊரில் மூன்று வருடம் படித்தவரும் இன்னோர் ஊரில் சில மாதம் வார்டில் நின்றவரும் ஒரே பெயரில் வேலை பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டம் வேண்டும், பதிவேடு வேண்டும், அதற்குச் சட்டம் வேண்டும் என்று மாநாட்டுக்கு மாநாடு தீர்மானம் போட்டார்கள். மாகாணம் மாகாணமாகப் பதிவுச் சட்டம் வந்தது, 1947-ல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது. இடையில் 1946-ல் டெல்லியிலும் நம் வேலூரிலும் பிஎஸ்சி நர்சிங் தொடங்கியது. உங்கள் பட்டத்துக்கும் பதிவு எண்ணுக்கும் பின்னால், யாரோ சந்தா கட்டிக் கூட்டத்துக்குப் போய்க் கத்திய வரலாறு ஒன்று இருக்கிறது.

பழங்கதை போதும். உங்கள் சம்பளத்துக்கு வருகிறேன்.

தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் சம்பளமும் வேலை நிலைமையும் மோசமாக இருக்கிறது என்று டிஎன்ஏஐ 2011-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2016 ஜனவரி 29 அன்று நீதிமன்றம், ஒரு நிபுணர் குழு அமைத்து இதைப் பாருங்கள் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அந்தக் குழு சொன்னதை உங்கள் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 200 படுக்கைக்கு மேல் உள்ள மருத்துவமனையில், அதே தரத்தில் இருக்கும் மாநில அரசுச் செவிலியருக்குச் சமமான சம்பளம். 100 படுக்கைக்கு மேல் என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50-க்குக் கீழே உள்ள சின்ன நர்சிங் ஹோமிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. லீவு, வேலை நேரம், தங்குமிடம், போக்குவரத்து போன்றவையும் அரசுச் செவிலியருக்கு இருப்பதுபோல இருக்க வேண்டும்.

இது பரிந்துரைதான், நேரடியாகச் சட்டமாகவில்லை. மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதி, நடவடிக்கை எடுங்கள் என்று சொன்னது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். ஒரே தீர்ப்பு, ஒரே பரிந்துரை, ஒரே கடிதம். கேரளத்தில் என்ன ஆனது? அங்கே 2011-ல் திருச்சூரை மையமாக வைத்து யுஎன்ஏ (யுனைடெட் நர்சஸ் அசோசியேஷன்) என்ற செவிலியர் அமைப்பு உருவாகி, மருத்துவமனை மருத்துவமனையாகப் போராடி வந்திருந்தது. 2017-ல் தலைமைச் செயலகத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள், மாநிலம் முழுக்க வேலைநிறுத்தம் என்றார்கள். முதல்வர் கூப்பிட்டுப் பேசினார். 20,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் என்று முடிவானது. பிறகு இழுபறி. சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடைப்பயணம் கிளம்பப் போகிறோம் என்று அறிவித்ததும், 2018 ஏப்ரலில் அரசாணை வெளியானது. மருத்துவமனை நிர்வாகங்கள் நீதிமன்றத்துக்குப் போயின, அது வேறு கதை. இன்னும் பல மாநிலங்களில் அதே பரிந்துரை ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது. மலையாளி நர்ஸ்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் என்பதெல்லாம் இல்லை. அங்கே கேட்பதற்கு ஓர் அமைப்பு இருந்தது.

அரசு வேலையில் இருந்தால் இதெல்லாம் தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்ஆர்பியின் தேர்வு எழுதி ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பணியிடங்களுக்கு எடுக்கப்பட்ட செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. நடக்கவில்லை. 2017 நவம்பர் கடைசியில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்ககம் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்தில் ஆயிரக்கணக்கானோர் வந்து உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் இருந்தார்கள். உயர் நீதிமன்றம் போராட்டத்துக்குத் தடை போட்டது, கலைந்தார்கள். அன்றைக்குத் தோற்றது போலத்தான் இருந்தது. ஆனால் பின்னாளில் அந்தத் தொகை 14,000, 18,000 என்று ஏறியதையும், கொஞ்சம் கொஞ்சமாகப் பணி நிரந்தரம் நடந்ததையும் அந்த மூன்று நாள் போராட்டத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. ஒப்பந்தச் செவிலியருக்கு மகப்பேறு விடுப்பு கிடையாது என்று சொல்லி வந்தபோதும், எம்ஆர்பி செவிலியர் சங்கம்தான் வழக்குப் போட்டது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் மகப்பேறு நலச் சட்டமே மேல் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. கர்ப்பமாக இருக்கும் ஒரு தொகுப்பூதிய நர்ஸ் தனியாக அரசை எதிர்த்து வக்கீல் வைத்து வழக்கு நடத்துவாரா? சங்கத்தின் பெயரில் போட்டால் மனுவில் யார் தனிப் பெயரும் முன்னால் நிற்காது. இந்த ஒரு வசதிக்கே சந்தா கட்டலாம் என்பேன்.

அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமை இல்லை என்று 2003-ல், நம் தமிழ்நாட்டு வழக்கில்தான், உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் அரசுச் செவிலியருக்குச் சங்கம் வேலைநிறுத்தத்துக்கு என்பதைவிட, மனு, பேச்சுவார்த்தை, வழக்கு இவற்றுக்குத்தான் அதிகம் பயன்படும்.

அடுத்தது நோயாளி எண்ணிக்கை. சம்பளத்தைவிட இதைத்தான் பெரிய விஷயமாக நான் நினைக்கிறேன், நம் சங்கங்கள் இதைத்தான் குறைவாகப் பேசுகின்றன. பொது வார்டில் போதனா மருத்துவமனை என்றால் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனை என்றால் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். படித்து முடித்துவிட்டு உங்கள் வார்டை நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும், தெரியும். நைட்டில் ஒரு ஸ்டாஃப், ஒரு ட்ரெய்னி, முப்பது கட்டில். இதற்கு என்ன விலை என்பதும் கணக்குப் போடப்பட்டிருக்கிறது. லிண்டா ஐக்கன் என்ற நர்சிங் ஆராய்ச்சியாளரின் குழு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளின் அறுவைச் சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்டது. ஒரு செவிலியருக்குக் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போதெல்லாம், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது.

இந்த மாதிரி எண்ணைத் தனி நர்ஸ் ஒருவர் மேட்ரனிடம் போய்ச் சொன்னால், "அப்படியா, சரி, போய் இன்ஜெக்‌ஷன் போடு" என்பார். கலிபோர்னியாவில் செவிலியர் சங்கம் அதைச் சட்டசபைக்குக் கொண்டுபோனது. 1999-ல் சட்டம் நிறைவேறி 2004-ல் நடைமுறைக்கு வந்தது. ஐசியுவில் 2 நோயாளிக்கு ஒருவர், பொது வார்டில் முதலில் 6-க்கு ஒருவர், பிறகு 5-க்கு ஒருவர். அந்த 5-க்கு மாறும் கட்டம் வந்தபோது அப்போதைய ஆளுநர் ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெக்கர் (நடிகர்தான்) தள்ளிவைக்கப் பார்த்தார். அவர் போன இடமெல்லாம் நர்ஸ்கள் கொடி பிடித்து நின்றார்கள், நீதிமன்றத்துக்கும் போய் நிறுத்தினார்கள். சட்டம் வந்த பிறகும் அதற்குக் காவல் இருக்க ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இங்கேயும் காவல் இல்லாத சட்டம் ஒன்று உண்டு. மருத்துவமனையில் வேலை செய்பவர்களைத் தாக்கினால் 3 வருடம் முதல் 10 வருடம் வரை சிறை என்று தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. அதில் செவிலியரும் அடக்கம், இது எத்தனை பேருக்குத் தெரியும்? கேஷுவாலிட்டியில் டாக்டரை அடித்தால் மறுநாளே டாக்டர்கள் சங்கமான ஐஎம்ஏ அறிக்கை விடும், கமிஷனரைப் போய்ப் பார்க்கும். நர்ஸைப் பிடித்துத் தள்ளினால், "விடும்மா, அவங்க வேதனையில இருக்காங்க" என்று நாமே சமாதானம் சொல்லி அனுப்பிவிடுகிறோம். எஃப்ஐஆரில் அந்தச் சட்டத்தைச் சேருங்கள் என்று ஸ்டேஷனில் உட்கார்ந்து வற்புறுத்த ஓர் அமைப்பின் லெட்டர்ஹெட் வேண்டும்.

தப்பு நடந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள். மருந்து மாறிப் போகிறது, அல்லது நோயாளி கட்டிலிலிருந்து விழுந்துவிடுகிறார். நைட் டியூட்டி முடிந்து தூக்கக் கலக்கத்தில் இருக்கும் உங்களைக் கூப்பிட்டு, ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அதில் மூன்று வரி தப்பாக எழுதினால் மொத்தப் பழியும் உங்கள் பெயரில் நிற்கும். அன்றைக்கு எத்தனை பேஷண்டை ஒரே ஆளாகப் பார்த்தீர்கள், டாக்டர் ஆர்டர் வாய்மொழியா எழுத்திலா, ஹேண்டோவரில் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அந்தத் தாளில் வர வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்க விவரம் தெரிந்த ஒரு சீனியர் போன் தூரத்தில் இருக்க வேண்டும். உங்கள் இன்சார்ஜ் நல்லவராகவே இருக்கட்டும், அவரும் அதே நிர்வாகத்திடம் சம்பளம் வாங்குகிறவர். வெளியே ஒருவர் வேண்டும். டாக்டர்களுக்கு அவர்கள் சங்கத்தின் வழியாகவே வழக்குச் செலவுக்கும் காப்பீட்டுக்கும் திட்டங்கள் இருக்கின்றன. பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் (ஆர்சிஎன்) என்ற செவிலியர் அமைப்பு உறுப்பினருக்குச் சட்ட உதவி தருகிறது. நம் செவிலியர் சங்கங்கள் இதில் ரொம்பப் பின்தங்கித்தான் இருக்கின்றன. உறுப்பினர் கூடாமல் அது மாறவும் போவதில்லை.

படிப்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவைப் புதுப்பிக்கத் தொடர்கல்வி மணிகள் வேண்டும், சங்கக் கருத்தரங்குகளில் அது குறைந்த செலவில் கிடைக்கும். ஆராய்ச்சியில் ஆர்வம் இருந்தால் இந்திய நர்சிங் ஆராய்ச்சிச் சங்கம், லேபர் வார்டில் இருந்தால் இந்திய மிட்வைஃப்கள் சங்கம் என்று தனித்தனி அமைப்புகளும் உண்டு. எல்லாவற்றிலும் சேர வேண்டியதில்லை. மாணவர்களுக்கு 1929-லிருந்தே டிஎன்ஏஐயின் மாணவர் பிரிவான எஸ்என்ஏ இருக்கிறது. எஸ்என்ஏ என்றால் கோலப் போட்டியும் டான்ஸும் என்று ஆக்கி வைத்திருக்கும் கல்லூரிகளைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. தீர்மானம் எழுதவும் மேடையில் பேசவும் பழக வேண்டிய இடம் அது.

சங்கங்களைப் பற்றிக் குறையே இல்லாதது போல எழுதினால் நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள். பல கிளைகளில் ஆசிரியர்களும் ஓய்வு பெற்றவர்களும்தான் பொறுப்பில் இருக்கிறார்கள், வார்டில் ஷிப்ட் பார்ப்பவர்கள் குறைவு. கூட்டமோ பகல் டியூட்டிக்காரர்கள் வர முடியாத நேரத்தில் நடக்கும். அரசுச் செவிலியருக்கு ஒரு சங்கம், தொகுப்பூதியத்துக்கு ஒரு சங்கம், அதிலிருந்து பிரிந்தவர்களுக்கு ஒன்று என்று உடைந்து கிடக்கிறோம். பணம் சேரும் இடத்தில் புகாரும் வரும். மேலே புகழ்ந்த யுஎன்ஏ மீதே 2019-ல் நிதி முறைகேடு புகார் எழுந்து போலீஸ் விசாரணை வரை போனது. அதனால் எந்த அமைப்பில் சேரும் முன்னும் கேளுங்கள்: கடைசியாகத் தேர்தல் எப்போது நடந்தது, வரவு செலவு தணிக்கை ஆனதா, அதை உறுப்பினர் பார்க்கலாமா, வார்டு நர்ஸ் எத்தனை பேர் நிர்வாகக் குழுவில் இருக்கிறார்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் சந்தாவைக் கொடுக்காதீர்கள்.

சரி, மேனேஜ்மென்ட் பயம். டிஎன்ஏஐ போன்ற தொழில்முறைச் சங்கத்தில் உறுப்பினராவதற்கு நிர்வாகத்தின் அனுமதி வேண்டியதில்லை. பெரும்பாலான மருத்துவமனைகள் அதைக் கண்டுகொள்வதும் இல்லை. சில இடங்களில் தர ஆய்வு வரும்போது "எங்கள் செவிலியர்கள் உறுப்பினர்கள்" என்று பெருமையாகக் காட்டுவார்கள். யூனியன் என்றால் முகம் மாறும், அதை மறைக்க முடியாது. சங்கம் அமைப்பது அரசியல் சாசனம் 19(1)(சி) தரும் உரிமை. யூனியனில் சேர்ந்ததற்காகத் தொழிலாளியைப் பழிவாங்குவது தொழிலாளர் சட்டத்தில் முறையற்ற செயல். ஆனால் சட்டம் சொல்வது ஒன்று, ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் இடத்தில் நடப்பது வேறு. உங்கள் மருத்துவமனையில் இடையில் விலக மாட்டேன் என்று எழுதி வாங்கும் பாண்ட், சர்ட்டிபிகேட் பிடித்தம் இதெல்லாம் இருந்தால், தனியாக யூனியன் கொடி தூக்கக் கிளம்பாதீர்கள். முதலில் தொழில்முறைச் சங்கத்தில் சேருங்கள், உங்களைப் போலப் பத்துப் பேரைச் சேர்த்துவிடுங்கள், அதற்கப்புறம் யோசிக்கலாம்.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தாலும் இதே வித்தியாசத்தை அங்கேயும் மனதில் வையுங்கள். பிரிட்டன் போகிறவர்கள் அங்குள்ள செவிலியர் கவுன்சிலான என்எம்சியின் பதிவோடு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். அதுவும் நம் கவுன்சில் போலத்தான், புகார் வந்தால் உங்களை விசாரிக்கும் இடம். விசாரணைக்குத் துணைக்கு ஆள் அனுப்புவது ஆர்சிஎன், யூனிசன் என்ற யூனியன் போன்ற அமைப்புகள். பிரச்சினை வந்த பிறகு ஓடிப்போய்ச் சேர்ந்தால் அந்தப் பழைய பிரச்சினைக்கு உதவி கிடைப்பது கஷ்டம். விமானத்திலிருந்து இறங்கிய முதல் மாதமே சேர்ந்துவிடுங்கள்.

உங்களுக்கு இப்போதைக்குச் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். ஆர்என்ஆர்எம் சான்றிதழ் நகலோடு டிஎன்ஏஐ தமிழ்நாடு கிளையில் ஆயுள் உறுப்பினராக விண்ணப்பியுங்கள். வருடா வருடம் புதுப்பிக்கும் தொல்லை இருக்காது. மாவட்டக் கூட்டம் எப்போது என்று கேட்டு ஒரு தடவையாவது போங்கள். அங்கே பேச வாய்ப்புக் கிடைத்தால், 2016 சம்பளப் பரிந்துரையைப் பற்றி நம் மாநில அரசுக்கு இந்தக் கிளை கடைசியாக எப்போது மனு கொடுத்தது, அதன் நகலைப் பார்க்கலாமா என்று எழுந்து கேளுங்கள்.